பீப்பாய் சுவரில் பட்டால்

புர்காஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய பனாயோத் வாழ்க்கையில் முழுதாக நம்பியது இரண்டைத்தான். ஒன்று, அவன் தம்பி ஸ்டாமத். இன்னொன்று ஆள்கூட இல்லை, கம்ப்யூட்டரில் ஓடும் ஒரு பழைய விளையாட்டு. கட்டிய பெண்டாட்டிக்கு அந்த வரிசையில் இடமில்லையா என்று தெஸ்பினா பலமுறை கேட்டிருக்கிறாள். "ஒன்ன நம்பி என்ன ஆவப்போவுது? நீயா வந்து கன்டெய்னர் தூக்கப் போற?" என்பான். அவளும் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

விளையாட்டு பெரிய விஷயமொன்றும் இல்லை. ஒரு சின்ன ஹெலிகாப்டர், அதன் அடியில் கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு பீப்பாய். குகை வழியாக வளைந்து வளைந்து ஓட்டிக்கொண்டு போய், கடல் தெரியும் இடத்தில் பீப்பாயைக் கப்பலில் இறக்க வேண்டும். நாம் ஒரு பக்கம் திருப்பினால் பீப்பாய் மறுபக்கம் ஆடும். சுவரில் பட்டால் வெடித்துவிடும், அவ்வளவுதான். ஆட்சி மாறிப்போன அந்தக் குழப்பமான வருடங்களில் ஸ்டாமத் தன் அலுவலகத்துக் கம்ப்யூட்டரிலிருந்து அதைத் திருட்டுத்தனமாக நகல் எடுத்து வந்தான். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் காசு கொடுத்து விளையாட்டு வாங்கியவன் ஒருவனும் கிடையாது. சத்தம் வந்தால் கீழ்வீட்டுக்காரி கரண்டியால் ஹீட்டர் குழாயைத் தட்டுவாள் என்று ஸ்பீக்கர் ஒயரை முதல் வாரமே பிடுங்கிவிட்டார்கள். ஊமையாகவே அது அந்த வீட்டில் இருபது வருடத்துக்கு மேல் ஓடியது.

கயிற்றில் தொங்குவதை ஆடாமல் இறக்குவதுதான் கிரேன்காரன் பிழைப்பு. அதனால் பனாயோத் அதை விளையாட்டாக வைத்துக்கொள்ளவில்லை. வேலைக்குப் போகிற காலையில், அடுப்பில் காபி பொங்குவதற்குள் ஒரே ஒரு தடவை பறப்பான். பீப்பாய் கடல் வரை போய்ச் சேர்ந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவான். சுவரில் பட்டால் போனை எடுத்து, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்வான். முந்தின நாள் கல்யாண வீட்டில் குடித்த ரக்கியாச் சாராயமோ, வராத தூக்கமோ, வீட்டுச் சண்டையோ, காரணம் எதுவாக இருந்தாலும் அது அவனுக்குப் பொருட்டில்லை. தட்டிப்போன நாளில் கிரேனில் ஏற மாட்டான். துறைமுகம் முழுக்க இதைச் சொல்லிச் சிரிக்கும். மேஸ்திரி ராஷ்கோ அவனைவிட வயதில் சின்னவன், தினமும் வாசலிலேயே கேட்பான்: "என்ன அண்ணே, இன்னைக்கு ஹெலிகாப்டர் பறந்துச்சா?" சிரிக்கிறவர்கள் சிரித்தார்கள். ஆனால் மற்ற கிரேன்களில் ஒருவன் கால் போனது, ஒருவன் உயிரே போனது. பனாயோத்தின் கிரேனுக்கு அடியில் நின்ற யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டாமத் வருவான். அண்ணனும் தம்பியும் ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்து பறப்பார்கள். "கை ஏன்டா இப்புடி நடுங்குது? பொண்ணு பாக்கப் போறியா?" என்று ஒருவனை ஒருவன் நோண்டிக்கொண்டே இருப்பார்கள். ஸ்டாமத் வாயில் சிகரெட்டோடு ஓட்டியும் சில நாள் அண்ணனை ஜெயித்துவிடுவான். தெஸ்பினா அந்த நேரத்தில் அறைக்குள் போவதே இல்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவர்கள் இரண்டு பேரின் முதுகுதான்.

அந்த வருடம் இலையுதிர்காலத் தொடக்கத்தில், குளிர்காலத்துக்குச் சேர்த்து வைக்க ஊரே பால்கனியில் நின்று மிளகாய் சுட்டுக்கொண்டிருந்த ஒரு பகலில், பனாயோத் கையிலிருந்து சுட்ட மிளகாய் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனான். கை வரவில்லை. "தெஸ்பினா" என்று கூப்பிட்டது அவள் காதில் வேறு என்னவோ மாதிரி விழுந்தது. மூளையில் ரத்தம் அடைத்துவிட்டது என்றார்கள். வலது கை விறகுக்கட்டை ஆகிவிட்டது.

ஸ்டாமத் தினமும் ஆஸ்பத்திரிக்குத் தயிர் கொண்டு வந்து ஸ்பூனால் ஊட்டினான். ஒருநாள் அவன் வரவில்லை. தன் வீட்டில் ஷூ மாட்டக் குனிந்தவன் அப்படியே போய்விட்டான், மாரடைப்பு. இதை இப்போது பனாயோத்திடம் சொன்னால் இன்னொரு தடவை அடைத்துக்கொள்ளும் என்று டாக்டர் பயமுறுத்தினார். தெஸ்பினாவும், ஸ்பெயினில் ஓட்டல் வேலையை விட்டு ஓடிவந்திருந்த மகள் நெவேனாவும் கலந்து பேசி ஒரு பொய்யை ஜோடித்தார்கள். ஸ்டாமத் அவசரமாக ஜெர்மனிக்கு வேலைக்குப் போய்விட்டான், அங்கே போன் சரியாக எடுப்பதில்லை. பனாயோத் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டான்.

பொய் சொல்கிறவர்களுக்கு எங்கள் ஊர் லாயக்கில்லை. இங்கே ஒருவன் செத்தால் அவன் படம் போட்ட தாளை அடித்து வீட்டுக் கதவு, மரம், பஸ் நிறுத்தம் என்று கண்ட இடத்தில் ஒட்டுவார்கள். நாற்பதாம் நாளைக்கு ஒன்று, ஆறாம் மாதத்துக்கு ஒன்று, வருடத்துக்கு ஒன்று. பனாயோத் வீடு திரும்புகிற காலையில் தெஸ்பினா வெந்நீரும் கத்தியும் கொண்டுபோய்த் தங்கள் கட்டடத்து வாசலில் இருந்ததையெல்லாம் சுரண்டி எடுத்தாள். எதிர் மரத்தில் இருந்ததையும் கிழித்தாள். ரொட்டிக்கடைக் கதவை மறந்துவிட்டாள். டாக்ஸி அந்தக் கடை முன்னால்தான் நின்றது.

பனாயோத் படி ஏறி, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தான்.

"ஸ்டாமத்துக்கு ஜெர்மனியில என்ன வேலை?" என்று கேட்டான். பேச்சு கொஞ்சம் குழறினாலும் புரிகிற மாதிரி இருந்தது.

"கட்டட வேலைதான்," என்றாள் தெஸ்பினா.

"சம்பளம் பரவால்லயா?"

"நல்லாக் குடுக்குறாங்களாம்."

"சாப்பாடு?"

"அதுவும் அங்கயே போட்டுடறாங்க."

"ரொட்டிக்கடைக் கதவுல படம் நல்லா விழுந்திருக்கு," என்றான் பனாயோத். "மீச எடுத்த புதுசுல எடுத்தது."

நெவேனா ஓவென்று அழுதாள். இனி சாகும்வரை அப்பாவிடம் ஒரு பொய்கூடச் சொல்ல மாட்டேன் என்று அவன் காலைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தாள். அந்தப் பெண் சொன்னபடியே நடந்துகொண்டாள், அதுவும் பின்னால் வினையாகத்தான் முடிந்தது. தெஸ்பினாவால் அழக்கூட முடியவில்லை. தான் இத்தனை பதவிசாகப் பொய் சொன்னதைத் தன் காதாலேயே கேட்டிருந்தாள்.

அதற்கப்புறம் அவள் எதைச் சொன்னாலும் அவனிடம் அதற்கு ஒரே மாதிரி பதில்தான். "முகம் தெளிவாயிடுச்சு பனாயோத்" என்றால், "ஸ்டாமத்துக்கும் ஜெர்மனியில நல்லா இருக்காம்." "கை நேத்தைக்கு இன்னைக்குத் தேவல" என்றால், "சம்பளமும் நல்லாக் குடுக்குறாங்களாம்." இதைக் கோபமாகக்கூடச் சொல்ல மாட்டான். கோபப்பட்டிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆனால் ஒன்று, கைக்கான பயிற்சியை அவன் விடவில்லை. ரப்பர் பந்தை அமுக்கினான், சட்டைப் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றினான், பட்டாணியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டான். குளிர்காலத்தில் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த அளவுக்கு வரும்னு நான் நெனைக்கல" என்று சொன்னாள். ராஷ்கோவும் ஒரு பாட்டில் ஒயினோடு வந்து உட்கார்ந்தான். "பெரிய கிரேன் இப்ப வேணாம் அண்ணே. யார்டுல சின்னது ஒண்ணு சும்மா நிக்குது. டாக்டர் சீட்டு குடுத்தா ஒடனே வந்துரு. ஒனக்காகத்தான் ஆள் போடாம வச்சிருக்கேன்."

"பறந்து பாத்துட்டு சொல்றேன்," என்றான் பனாயோத்.

பறப்பதற்குத்தான் வழியில்லாமல் போயிற்று. அவன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, கட்டில் போட இடம் வேண்டுமென்று நெவேனா அறையைச் சுத்தம் செய்திருந்தாள். மஞ்சளித்துப்போன பழைய கம்ப்யூட்டரைக் குதிரை வண்டியில் வந்த பழைய இரும்புக்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு, சேர்த்து வைத்த காசில் புது லேப்டாப் ஒன்று வாங்கி வைத்திருந்தாள். விளையாட்டை மட்டும் ஞாபகமாக அதில் ஏற்றிவிட்டுத்தான் ஸ்பெயினுக்குத் திரும்பினாள். அப்பா சந்தோஷப்படுவார் என்று அவளுக்கு ஒரே பெருமை.

புதிய மெஷின் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தட்டினால், இந்தக் கணினியில் இதை இயக்க இயலாது, வெளியிட்டவரை அணுகவும் என்று மரியாதையாக ஒரு வாசகம் வந்தது. வெளியிட்டவனை எங்கே போய்த் தேடுவது, திருடிய சரக்கு ஆயிற்றே. நெவேனா போனில் சொல்லச் சொல்ல, தெஸ்பினா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை அழுத்தினாள், இதை அழுத்தினாள். கறுப்பாக ஒரு பெட்டி எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. இன்னொரு நாள் ஹெலிகாப்டர் தபால்தலை அளவுக்குத் திரையின் மூலையில் வந்து நின்றது, கடல் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது, எந்த விசையை அழுத்தினாலும் அசையவில்லை. இன்னொரு நாள் எல்லாம் சரியாக வருகிற மாதிரி இருந்தபோது மெஷின் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்வதாகச் சொல்லி அணைந்துவிட்டது. விடிந்து பார்த்தால் பழையபடி இயக்க இயலாது. அந்த லேப்டாப்பை ஜன்னல் வழியாக வீசிவிடலாமா என்று தெஸ்பினாவுக்கு வந்தது. பனாயோத் மட்டும் பொறுமையாக உட்கார்ந்து, வலது கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தான்.

கடைசியில் சந்தைக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவனிடம் எடுத்துப் போனார்கள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "மாமா, இதவிட நல்ல ஆட்டம் ஓசியிலயே கொட்டிக் கெடக்கே. இந்தக் கெழட்டு ஆட்டத்த எதுக்குக் கட்டிட்டு அழுவுற?" பனாயோத் வலது கையைத் தடவிக்கொண்டு நின்றதைப் பார்த்து அவனே வெட்கப்பட்டு, பழைய மெஷின் மாதிரி நடிக்கிற ஒரு புரோகிராமை உள்ளே போட்டான். நடிக்கிற மெஷினுக்குள் ஹெலிகாப்டர் உயிரோடு வந்தது. படம் பெரிதாக இருந்தது, கடலும் நீலமாக இருந்தது. தெஸ்பினா கடையிலேயே சிலுவை போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை அவள் காபியை அடுப்பில் வைத்துவிட்டுச் சமையலறை வாசலில் நின்றாள். பனாயோத் ஷேவ் செய்து, துறைமுகச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தான். பறந்தான். முதல் வளைவிலேயே பீப்பாய் சுவரில் போய் மோதியது.

அன்றைக்கு, காலையில் ஒரே தடவை என்ற வழக்கத்தை மீறி இன்னொரு தடவை பறந்தான். அதே வளைவு. மறுநாளும் அங்கேயே. அதற்கடுத்த வாரமும். எப்போதாவது இரண்டாம் வளைவு வரை போவான். அவனுக்குப் பின்னால் நின்ற தெஸ்பினாவுக்குத் தெரிந்தது, காது மடல் சிவந்துபோவது மட்டும்தான்.

"பழக்கம் விட்டுப்போச்சு, அதான்," என்றாள்.

"பழக்கம் இல்ல. கை எங்க போவணும்னு எனக்குத் தெரியுது. ஆனா நான் நெனைக்கிறதுக்குள்ள அது போய் மோதிடுது. தல மெதுவாயிடுச்சு தெஸ்பினா."

"டாக்டரம்மாவே சொன்னாளே..."

"ஜெர்மனியில எல்லாரும் நல்லாத்தான் சொல்வாங்க."

ராஷ்கோ திரும்ப வந்தான். விஷயம் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "அண்ணே, பொம்ம ஹெலிகாப்டரு ஒனக்கு டாக்டரா? வா எங்கூட. வெறும் கொக்கிய ஆட்டிப் பாரு, நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

"தட்டின நாள்ல நான் என்னைக்காவது ஏறிப் பாத்திருக்கியா?"

"இல்ல."

"பின்ன இன்னைக்கு மட்டும் ஏறச் சொல்ற? ஒன் ஆளுங்க உசுரு அவ்ளோ மலிவாப் போச்சா?"

ராஷ்கோ எழுந்து போனான். யார்டு கிரேனுக்கு வேறு ஆளைப் போட்டார்கள். பனாயோத் பந்தை அமுக்குவதை நிறுத்தினான். அது கட்டிலுக்கு அடியில் உருண்டு போனதை எடுக்கவும் இல்லை. பொத்தான் சட்டையை விட்டுவிட்டுத் தலைவழியாக மாட்டும் ஸ்வெட்டருக்கு மாறினான். பட்டாணி திரும்பச் சூப்புக்குப் போயிற்று.

வசந்தம் வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நெவேனா வீடியோவில் கூப்பிட்டாள். அப்பா ஞாபகத்தில் அவளும் தன் கம்ப்யூட்டரில் அதே நடிக்கிற புரோகிராமோடு அந்த விளையாட்டைப் போட்டிருக்கிறாள். சின்ன வயதில் அப்பா மடியில் உட்கார்ந்து அவளும் ஓட்டியிருக்கிறாளே. அவளுக்கும் முதல் வளைவிலேயே வெடித்திருக்கிறது. இணையத்தில் தேடினால், பழைய விளையாட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரே பாட்டாகப் பாடியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் விளையாட்டின் வேகத்தை மெஷினின் வேகத்தோடு கட்டிவிட்டார்கள், மெஷின் வேகமானால் ஹெலிகாப்டரும் வேகமாகிவிடும். ரிப்பேர்க்காரன் போட்ட நடிக்கிற மெஷின், அசல் பழையதைவிட வேகமாக நடித்துக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பலமடங்கு இருந்திருந்தால் யாரும் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். கொஞ்சம்தான் கூடுதல். ஒரு மனிதன் மெஷினைச் சந்தேகப்படாமல் தன்னையே சந்தேகப்படுகிற அளவுக்குக் கூடுதல்.

நெவேனா அங்கிருந்தபடியே இணையம் வழியாக அப்பாவின் லேப்டாப்பைத் தன் கைக்குக் கொண்டுவந்து, எங்கேயோ இருந்த ஓர் எண்ணைக் குறைத்தாள். "அப்பா, இப்பப் பற," என்றாள்.

பனாயோத் பறந்தான். தெஸ்பினா இந்தத் தடவை பின்னால் நிற்கவில்லை, பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். முதல் வளைவு, இரண்டாவது, தொங்கும் பாறை, எல்லாம் கடந்தது. பீப்பாய் லேசாக ஆடியதே தவிர எங்கேயும் படவில்லை. நீலம் தெரிந்தது. பீப்பாய் கப்பலில் பஞ்சு மாதிரி உட்கார்ந்தது. அவன் முகத்தைப் பார்த்தாள். கல்யாணத்தன்று இருந்த முகம் அது.

"என்னடி செஞ்ச?" என்று மகளைக் கேட்டான்.

சொல்லாதே சொல்லாதே என்று தெஸ்பினா திரைக்கு நேராகக் கையை ஆட்டினாள். சத்தியம் செய்த பெண் எல்லாவற்றையும் சொன்னாள். வேகம், மெஷின், எண், எல்லாம்.

"கொறச்சியா?"

"ஆமாப்பா. பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தேன்."

"பழைய வேகம் எவ்ளோன்னு ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"அந்தக் காலத்து மெஷினுக்கெல்லாம் இவ்ளோதான் வைக்கணும்னு போட்டிருக்காங்கப்பா. கிட்டத்தட்ட."

"கிட்டத்தட்டன்னா? கிட்டத்தட்ட எறக்கினா கீழ நிக்கிறவன் முழுசாச் சாவான்." அவன் குரல் உயரவில்லை. "மொடவனுக்குத் தகுந்த மாதிரி மெதுவா வச்சுக் குடுத்திருக்க. நல்ல பொண்ணு."

"அப்பா, சத்தியமா நெஜம்ப்பா! நம்ம பழைய கம்ப்யூட்டர்ல இப்புடித்தான் ஓடும். ஒனக்கே ஞாபகம் இருக்குமே!"

"அடிபட்ட தலை. அதோட ஞாபகத்தப் பிடிச்சு எத அளக்க?"

தெஸ்பினா அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அவ சொல்றது நெஜம்டா! ஒருதடவ பொய் சொன்னோம், ஒன் உசுருக்குப் பயந்து சொன்னோம். அதுக்காகக் காலம்பூரா எங்கள அடிப்பியா?"

"நான் யாரையும் அடிக்கல. நீ சொல்லு. அந்த ஹெலிகாப்டர் எவ்ளோ வேகத்துல போவும்? இருவது வருசம் இந்த வீட்டுல இருந்தியே, சொல்லு."

அவளுக்குத் தெரியாது. முதுகுகளைத்தான் பார்த்திருந்தாள். சத்தமாவது இருந்திருந்தால் காதில் விழுந்த தாளத்தை வைத்துச் சொல்லியிருப்பாள், அதற்கும் வழியில்லை.

"ஸ்டாமத்தக் கூட்டிட்டு வாங்க," என்றான் பனாயோத். "அவன் ஒக்காந்து ஓட்டிப் பாத்துட்டு, ஆமாடா இதே வேகம்தான்னு சொல்லட்டும். நாளைக்கே கிரேன்ல ஏறுறேன்."

லேப்டாப்பை மூடினான். அவள் அதைத் துடைத்து அலமாரியில் வைத்தாள். அவன் அதைத் திரும்பக் கேட்கவில்லை. பகல்களில் கடற்கரைப் பூங்காவில் போய் உட்கார ஆரம்பித்தான். துறைமுகத்துக் கிரேன்கள் தெரிகிற பெஞ்சில் உட்காராமல் முதுகு காட்டுகிற பெஞ்சாகப் பார்த்து உட்கார்ந்தான். வலது கை எப்போதும் சட்டைப் பைக்குள் கிடந்தது. சூரியகாந்தி விதையைக்கூட இடது கையால்தான் உடைத்தான். தெஸ்பினா கெஞ்சினாள், திட்டினாள், பந்தைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து அவன் மடியில் போட்டாள். அது மடியிலேயே கிடந்தது.

மறுபடி இலையுதிர்காலம் வந்தது, மறுபடி ஊரெல்லாம் மிளகாய் சுட்ட வாசனை. டாக்டரம்மாவிடம் வருடாந்திரப் பரிசோதனைக்குப் போனார்கள். அவள் பனாயோத்தின் வலது கையைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, "அமுக்குங்க," என்றாள். பிறகு, "நல்லா அமுக்குங்க," என்றாள். "முழு பலத்தோட."

"இதான் முழு பலம்," என்றான் பனாயோத்.

டாக்டரம்மா விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்தாள். அவை மெதுவாகத் திரும்ப உள்பக்கம் சுருண்டுகொண்டன. போன குளிர்காலத்துக் குறிப்பை எடுத்துப் படித்தாள், இவனைப் பார்த்தாள், திரும்பக் குறிப்பைப் பார்த்தாள். "போன தடவ அவ்ளோ நல்லா இருந்த கை," என்றாள். "இது எப்படி ஆச்சு?"

பனாயோத் தெஸ்பினாவின் பக்கம் திரும்பினான். எத்தனையோ மாதம் கழித்து அவன் சிரித்தான்.

"பாத்தியா?" என்றான். "எல்லாரும் என்னமோ சொன்னீங்க. அந்த ஹெலிகாப்டர் ஒண்ணுதான் மொதல்லயே கண்டுபிடிச்சுச் சொல்லுச்சு."

தெஸ்பினா அவன் கையைத் தூக்கி, ஸ்வெட்டரின் கைக்குள் ஒவ்வொரு விரலாக நுழைத்துவிட்டாள்.